முதலில் ஓடியவர்

அவருடைய சைக்கிள் எப்போதும் வெளியே பார்த்தபடிதான் நிற்கும். எங்கள் வளவுக்குள் வந்து இறங்கியதும் அதைத் திருப்பி, முன்சில்லை வாசல் பக்கம் வைத்து நிறுத்திவிட்டுத்தான் அறைக்குள் போவார். ஏன் மாஸ்டர் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். அவசரத்தில் திருப்ப நேரம் இருக்காது அண்ணன் என்றார். போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதி, வெடிச்சத்தம் நின்று, கொழும்பு பஸ்ஸில் சனங்கள் நித்திரை கொண்டு போன காலம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது.

கல்லடியில் எங்கள் வீட்டு வெளி அறையில் வாடகைக்கு இருந்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தார். கல்யாணம் முடித்தது வடக்கே பனிச்சங்கேணியில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் போய்ச் சேருகிறவன். அவருடைய மனைவி, தாய் கொடுத்த வீட்டில், தாயோடும் தம்பியோடும் நடை பழகுகிற மகனோடும் அங்கேயே இருந்தார். இவர் கிழமை முழுக்க இங்கே வகுப்பெடுத்துவிட்டு அங்கே போய்வருவார். குடும்பத்தை இங்கே கொண்டுவரலாமே என்று என் மனைவி கேட்டபோது, அவளுடைய வீட்டை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கென்ன உரிமை அக்கா என்றாராம்.

அப்படிப் பயந்த ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அடையாள அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப் பையில் ஊசி குத்தி வைத்திருப்பார். குளிக்கும்போது அதைக் கிணற்றுக் கட்டில் கண்ணுக்குத் தெரிய வைத்துக்கொண்டுதான் வாளியைத் தொடுவார். சாப்பிடும்போது சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு இருப்பார். தேங்காய் விழுந்தால் எழும்பிவிடுவார். என் மனைவி அவருக்கு முன்னாலேயே சொல்லுவாள்: "இந்த மனிசனைப் பயம்தான் பெத்து வளத்திரிக்கு." அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே பாதையை ஒருமுறை பார்ப்பார்.

வகுப்பில் மட்டும் வேறு ஆள். கடலோரம் கோயிலுக்குப் பின்னால் ஓலைக் கொட்டில் ஒன்றில் அவருடைய வகுப்பு நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் திருப்புமுனைகள் என்ற பாடத்துக்கு மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வந்து வேலியோரம் நின்று கேட்பார்களாம். என் மகள் வினோ அங்கேதான் படித்தாள். அவளைக் கூட்டிவரப் போகிற சாட்டில் நானும் கொஞ்சம் கேட்டிருக்கிறேன். மிட்வே சமரைச் சொல்வதற்கு முன் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அந்த நீலத்துக்குள்ளே ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் மூழ்கித் தாண்டு கிடக்கிற திசையைக் காட்டுவார். யப்பானியர் வந்து குண்டு போட்டு அதைத் தாழ்த்தினார்கள். அப்படி வந்த விமானந்தாங்கிக் கப்பல்களில் மூன்று, அதே ஆண்டு நடுப்பகுதியில் மிட்வேயில் எரிந்து தாண்டன. ஹேர்மிஸ் தாண்ட அன்றைக்கு இந்தக் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்ற ஒருவருக்கு, யப்பான் தோற்கப்போகிறது என்று தெரிந்திருக்குமா என்று கேட்பார். அவரே சொல்லுவார்: "அந்த மனிசனுக்குத் தெரிஞ்சது புகை மட்டும்தான்."

டன்கேர்க், எல் அலமெய்ன், ஸ்டாலின்கிராட், நோர்மண்டி, எதைச் சொன்னாலும் தளபதிகளோடு நிற்கமாட்டார். அங்கே இருந்த சனத்துக்கு அது எப்போது தெரியவந்தது என்ற கேள்விக்குத்தான் வந்து சேருவார். ஸ்டாலின்கிராட்டுக்கு மட்டும் கரும்பலகை முழுக்க வேண்டும். ஜேர்மன் படையைச் சுற்றி வளையம் இறுகுவதைச் சிவப்புச் சோக்கட்டியால் கீறுவார். முதலில் ஒரு இடைவெளி விடுவார். அதைத் தட்டித் தட்டி, இதால வெளிய வந்திருக்கலாம், நில் எண்டு மேலிடம் சொன்னதால நிண்டான் என்பார். பிறகு அந்த இடைவெளியைச் சோக்கட்டியால் மூடுவார்.

டிசம்பரில் நத்தாருக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை வகுப்பு. வினோ விடியவே வெளிக்கிட்டுப் போய்விட்டாள். நான் கடலுக்குத் தள்ளியிருக்கிற எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததை வினோதான் எங்களுக்குச் சொன்னாள். நோர்மண்டித் தரையிறக்கப் பாடம் நடந்துகொண்டிருந்ததாம். கடலால் வந்து இறங்குகிற படையை அவர் கைகளால் காட்டிக்கொண்டிருந்தபோது ஒழுங்கையால் நாலைந்து பேர் ஓடினார்கள். அவர் பாதிச் சொல்லில் நிறுத்தினார். சோக்கட்டியைக் கீழே போட்டார். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், செருப்புப் போடாமல், சைக்கிளை எடுக்காமல், வேலியைத் தாண்டி ஓடத் தொடங்கினார்.

"சேர் ஓடுறார் எண்டு சிரிச்சுக்கொண்டுதான் நாங்களும் பின்னால ஓடினம் அப்பா" என்றாள் வினோ. பாலத்தடிக்கு வரும்வரை சிலர் சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறார்கள். ஒரு பொடியன் மட்டும் பாதி வழியில் திரும்பிப் போனான். நத்தாருக்குத் தகப்பன் வாங்கிக்கொடுத்த புதுச் சைக்கிள் கொட்டிலடியில் நின்றது. அவன் வரவில்லை. பின்னால் கடல் ஊருக்குள் ஏறி வந்துவிட்டது. கொட்டிலும் இல்லை, கோயிலின் பின்சுவரும் இல்லை, அந்த ஒழுங்கையில் அதற்குப் பிறகு வீடென்று சொல்ல ஒன்றும் இல்லை.

நான் வினோவைக் கண்டது மத்தியானத்துக்குப் பிறகு, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மதிலோரத்தில். அவள் மாஸ்டரின் சட்டைத் தொங்கலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய கால்கள் இரண்டும் கிழிந்திருந்தன. அவர் பனிச்சங்கேணிக்குப் போகும் வழியைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பாதை திறந்து, மனைவியும் மகனும் உயிரோடு இருக்கிறார்கள், வீடு வாவிப் பக்கம் என்றபடியால் தப்பியது என்று தெரிகிறவரை அவர் படுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர் அவரை விடவில்லை. கடல் வருவதை முன்கூட்டி அறிந்தவர் என்று ஆகிவிட்டது. தகப்பன்மார் வந்து கையைப் பிடித்து அழுதார்கள். ஒருவர் சேவல் கொண்டுவந்தார். அந்தப் பொடியனின் தாயும் வந்தாள். அவன் கடைசியில் பயந்தானா என்று மட்டும் கேட்டாள். இல்லை அம்மா, பயப்படவில்லை என்றார். அவள் போனபிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"நான் அவனைக் காணவே இல்ல அண்ணன். நான் பின்னால பாக்கல்ல."

உங்களால்தானே இத்தனை பிள்ளைகள் தப்பினார்கள், என் பிள்ளையும் தப்பினாள் என்றேன்.

"கடல் எண்டு ஆருக்குத் தெரியும். சனம் ஓடினதைக் கண்டன். ஆமி கடலால இறங்கிற்றான் எண்டு நினைச்சன். நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஓடல்ல. நான் ஓடினன், அவ்வளவுதான்."

எனக்கு அது விளங்கியது. எங்கள் பக்கத்தில் ஆமியின் சுற்றிவளைப்புக் காலத்தில் வளர்ந்த எவனும் ஓடுகிறவர்களைக் கண்டால் காரணம் கேட்டு நிற்பதில்லை. காரணம் கேட்டு நின்றவர்கள் பிடிபட்டார்கள். அந்தப் பழக்கம் தப்பான காரணத்துக்காக ஓடவைத்து, சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. இதை வெளியே சொல்லவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தப்பியவர்களுக்கு அப்போது நம்புவதற்கு ஏதாவது தேவையாக இருந்தது. எனக்கும் தேவையாக இருந்தது.

சமாதானம் கிழியத் தொடங்கிய மாதங்களில் அவரிடம் ஆட்கள் வந்து சண்டை வருமா என்று கேட்டார்கள். அவர் நேராகப் பதில் சொல்வதில்லை. உலக யுத்தத்துக்கு முந்தின வருஷம் மியூனிக்கில் சமாதானக் கையெழுத்து வைத்த கதையைச் சொல்லுவார். சந்திக் கடையில் அதற்கு நாலு விதமாக அர்த்தம் சொல்லுவார்கள். ஒருமுறை அவர் மெழுகுதிரி ஒரு பெட்டி வாங்கிவிட்டார். அவருக்கு இருட்டென்றால் ஆகாது, அவ்வளவுதான் காரணம். பின்னேரத்துக்குள் கல்லடியில் ஒரு கடையிலும் மெழுகுதிரி இல்லை. கடைக்காரர் அவரைக் கண்டதும், "மாஸ்டர், அடுத்த முறை என்ன வாங்கப்போறீங்க எண்டு முதல் நாளே சொல்லிப்போடுங்க, சாமான் இறக்கோணும்" என்று பகிடி பண்ணினார். எங்கள் வீட்டிலும் மெழுகுதிரி நிறைய இருந்தது. நானும் வாங்கியிருந்தேன்.

பிறகு சண்டை உண்மையாகவே வந்தது. சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறார்கள், ஏற்றிப்போக வான் வண்டி வருகிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு கதை. வினோ புது இடத்தில் தொடங்கிய வகுப்புக்கு நடந்து போக, நான் மோட்டார் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னால் போவேன். சிநேகிதிகள் சிரிக்கிறார்கள் என்று அழுதாள். அழட்டும் என்று விட்டேன். வடக்கே வாகரைப் பக்கம் பாதை மூடிக்கொண்டது. பனிச்சங்கேணி பாதைக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுவிட்டது. மாஸ்டர் இங்கே, மனைவியும் மகனும் அங்கே.

ஒரு பின்னேரம் மீன்பிடிக்கிற ஒருவர் வந்தார். மாஸ்டரின் மனைவிக்குச் சிற்றப்பா முறை. காட்டுக்குள்ளாலும் தண்ணிக்குள்ளாலும் வந்தவர், தன் பெண்சாதி பிள்ளைகளைக் கொண்டுவரத் திரும்பவும் போகப்போகிறார். அங்கே சனம் வீடுகளை விட்டு வடக்கே கதிரவெளிப் பக்கம் போகிறது என்றார். அங்கே எல்லோரும் ஒன்றாகக் கூடி இருக்கிறார்கள், கூட்டமாக இருந்தால் அடிக்கமாட்டார்கள் என்று நம்புகிறார்கள். மறுபக்கம், தெற்கே வர ஒரு தோணி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் ஷெல் விழுகிறது. மனைவி சொல்லி அனுப்பியது இதுதான்: எந்தப் பக்கம் போக? நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்.

வந்தவருக்கு என் மனைவி சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு எழும்புவதற்குள் பதில் சொல்லவேண்டும். மாஸ்டர் வளவுக்குள் நடந்தார். கிணற்றடிக்குப் போனார், வந்தார். நீங்கள் சொல்லுங்கள் அண்ணன் என்றார். என் பிள்ளையை அடுத்த தெருவுக்குத் தனியே விடத் தெரியாத நான் என்னத்தைச் சொல்ல. இடைவெளி மூடுவதற்கு முன் வெளியே வரவேண்டும் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்குள் இருக்கிறது.

"பதினைஞ்சு வருஷமா அந்த இடைவெளியைக் கீறுறன் அண்ணன். அதுக்குள்ளால ஒரு பொம்பிளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறத நான் ஒரு நாளும் நினைச்சுப் பாக்கல்ல."

சிற்றப்பா கை கழுவிவிட்டு வந்து நின்றார். மாஸ்டர் சொன்னார்: "சனத்தோட போகச் சொல்லுங்க. ஊர் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் போகட்டும்." சொல்லும்போது அவருடைய குரலில் ஒருவித நிம்மதிகூட இருந்தது. சனத்தோடு ஓடித்தானே ஒருமுறை தப்பினார்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளைப் பற்றி எழுதக் கை வரவில்லை. பீரங்கி அடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். விழுகிற சத்தம் கேட்காது. அடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் மெல்லுவதை நிறுத்துவார். வாயில் சோறு இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு விழுங்குவார். அவர் முன்னால் சாப்பிட எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

சனம் கூடியிருந்த இடத்திலேயே ஷெல் விழுந்தது என்று செய்தி வந்தது. கதிரவெளியில். நிறையப் பேர், பிள்ளைகளும் என்றார்கள். வானொலியை நான் நிறுத்தப் போனேன், அவர் என் கையைத் தட்டிவிட்டார். அன்றைக்கு அவர் அழவில்லை. வகுப்புக்குப் போனார். கரும்பலகையில் எதுவும் எழுதாமல், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதிரையில் இருந்துவிட்டு வந்தாராம்.

பிறகு அங்கிருந்து சனம் வரத் தொடங்கியது. வாழைச்சேனைப் பக்கம் முகாம்களில் பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் லீவு போட்டுவிட்டு அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன். இறங்குகிறவர்களின் முகம் எல்லாம் ஒரே முகமாக இருந்தது. தூசியும் பசியும் சேர்ந்து அப்படி ஆக்கிவிடுகிறது. அவர் ஒவ்வொரு பெண்ணையும் பார்ப்பார். பிள்ளையைத் தூக்கி வருகிற பெண்ணென்றால் ஒரு அடி முன்னால் வைப்பார். இப்படி எத்தனை நாள் போனோம் என்று தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பஸ்களை அல்ல, அவரைத்தான். ஆளில்லை என்று தெரிந்துவிட்டால் இந்த மனிதரை எப்படித் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற பயம் எனக்கு.

அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய மனைவிதான் அவரைக் கண்டுபிடித்தார். முகாமுக்குள் தண்ணி வரிசையில் நின்ற ஒரு பெண் பிளாஸ்டிக் கானைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கையில் மகன். அவர்கள் முன்னமே வந்து, வேறு முகாமில் இருந்து அங்கே மாற்றப்பட்டிருந்தார்கள். மாஸ்டர் பிள்ளையை வாங்கவில்லை. கை தூக்க முடியாதவர்போல நின்றார்.

நான் சொல்லி அனுப்பினது கிடைத்ததா என்று கேட்டார். வேறெதையும் கேட்காமல் அதைத்தான் கேட்டார்.

"கிடைச்சுது. ஊரோட போகச் சொன்னீங்களாம்." மனைவியின் குரலில் கோபம் இல்லை. "ஊர் எந்தப் பக்கம் போச்சுதெண்டு நினைக்கிறீங்க? பாதி அங்கால, பாதி இஞ்சால. அம்மாவும் தம்பியும் அங்கால போனாங்க. தோணியில ஒரு ஆளுக்கு இடம் இரிக்கு எண்டாங்க. பிள்ளையை மடியில வச்சிக்கொண்டு ஏறிற்றன்."

அவ்வளவுதான் நடந்தது. தாயும் தம்பியும் கதிரவெளியில் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தார்கள். அவர்கள் வரவில்லை. தோணியில் இடம் இருந்ததால் இவர்கள் வந்தார்கள். அவர் எதைச் சொல்லியிருந்தாலும் அது சரியாகவும் இருந்திருக்கும், பிழையாகவும் இருந்திருக்கும். இதை நான் பின்னர் அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். ஓம் அண்ணன் என்றார். அவருக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

எங்கள் வெளி அறையில் மூவரும் இருந்தார்கள். மனைவி தைரியசாலி. கிணற்றடியில் என் மனைவியோடு கதைத்துச் சிரிப்பார். மகனிடம், "உன்ட அப்பாவைப் பாரு, முட்டை உடைஞ்சாலும் ஓடுவார்" என்று பகிடி பண்ணுவார். மாஸ்டர் ஓடவில்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. ஓடுவதற்குப் பதிலாகப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். மகன் பள்ளிக்கூடம் போனால் கையைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டு, விடுகிறவரை வெளியே மரத்தடியில் நிற்பார். வளவுக்குள் விளையாடினால் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டு இருப்பார். அந்தப் பிள்ளை வாசலைத் தனியாகத் தாண்டாமலே வளர்ந்தது. என் மனைவி என்னிடம் மெதுவாக, நீங்களும் இப்படித்தான் என்றாள்.

வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் அங்கே பிள்ளைகள் அகப்பட்ட தாய் தகப்பன்மார் அவரைத் தேடி வந்தார்கள். அங்கே சனத்தைச் சுற்றியிருந்த வளையம் ஒவ்வொரு கிழமையும் சிறுத்துக்கொண்டு போனது. வெளியே வா என்று சொல்லி அனுப்பவா, நில் என்று சொல்லவா என்று கேட்பார்கள். சொல்லி அனுப்ப வழியே இல்லாதவர்கள்கூட வந்து கேட்டார்கள். எனக்குத் தெரியாது ஐயா என்பார். எனக்குத் தெரியாது அம்மா. அவர்கள் நம்பாமல் நிற்பார்கள். கடல் வருவதை அறிந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும். வாசல்வரை அவர்களைக் கொண்டுபோய்விட்டு வந்து, சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

மே மாதம் ஒருநாள் காலையில் டவுன் பக்கம் வெடி கேட்டது. பட்டாசு என்று எங்களுக்கு உடனே விளங்கவில்லை. வினோவை நான் இழுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். அவளுக்கு அப்போது இருபது வயது தாண்டிவிட்டது. வெளி அறையில் சத்தமே இல்லை. பிறகு ஆட்கள் தெருவில் வந்து முடிந்துவிட்டது என்றார்கள். எல்லாம் முடிந்தது. சிலர் அழுதார்கள், கொடி பிடித்துக்கொண்டு ஒரு வான் போனது.

சில நாட்கள் கழித்து, ஒரு பின்னேரம், மாஸ்டர் மகனோடு எங்கள் முன்வாசலுக்கு வந்தார். பிள்ளை சந்திக் கடைக்குத் தனியாகப் போய் இனிப்பு வாங்கவேண்டும் என்று அழுதிருக்கிறான். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் போகிறார்களாம். மனைவி போகட்டும் என்கிறார். மாஸ்டரின் முகத்தில் முன்பு சிற்றப்பா வந்தபோது இருந்த அதே வெளிறல்.

"அண்ணன், இப்ப விடலாமா?"

எத்தனையோ பேர் அவரிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் கேட்கிறார். எனக்குத் தெரியாது. முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. என் உடம்பு அதை நம்பவில்லை. பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விடுங்க மாஸ்டர் என்றேன். அப்படிச் சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

அவன் ஓடவில்லை. நடந்தான். பெரிய ஆளைப்போலக் கையை வீசிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். நாங்கள் இரண்டு பேரும் வேலியோரம் நின்றோம். கடை தெரியாது, பாதை வளைகிற முடக்குக்கு அங்கால இருக்கிறது. அவன் முடக்கில் மறைந்தான். ஒரு முச்சக்கரவண்டி அந்தப் பக்கம் போனது. ஒரு நாய் குரைத்தது. மாஸ்டர் வேலிக் கம்பைப் பிடித்திருந்தார். எப்போது நடக்கத் தொடங்கினோம் என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் இருவரும் பாதி வழியில் இருந்தோம், வேகமாக.

கடை வாசலில் நாலைந்து பொடியன்கள். இவன் அவர்களுக்கு நடுவில் நின்று இனிப்பின் தாளை உரித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் ஒருவன் உரக்கச் சொன்னான்: "டேய், உன்ட அப்பாவும் இன்னொரு கிழவனும் ஓடி வாறாங்கடா." எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையின் முகம் சிவந்தது. அவன் எங்களைத் தெரியாதவன்போல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"சீனி வாங்க வந்தம்" என்றார் மாஸ்டர்.

எவ்வளவு என்று கேட்டார் கடைக்காரர். ஒரு கிலோ என்றார். எனக்கும் ஒரு கிலோ என்றேன். அவர் நிறுத்துக் கட்டித் தருகிறவரை இருவரும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பிள்ளையைக் கூப்பிடாமல், சீனிப் பைகளோடு வந்த வழியே நடந்தோம். இரண்டு வீட்டிலும் சீனி இருந்தது.